ஊருக்கு ஒரே இன்ஸ்பெக்டர்

ஆயர் ஈத்தாமில் ஜெகதீஸ்வரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவள் வீட்டுக்காரர் அர்ஜுனன். இன்னொருவர் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற பெண், அதுவும் அட்டையைப் பார்த்துத்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் இன்ஸ்பெக்டர் அக்கா. பாசாரில் மீன் வெட்டுகிறவர்கூட, "இன்ஸ்பெக்டர், கெம்போங் மீன் இன்னைக்கு நல்லா இருக்கு," என்றுதான் சொல்வார். அவளும் மீனின் செவுளைத் தூக்கி, சந்தேகக் கேஸை விசாரிப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவளுக்கு மீன் வாங்கினதாகவே இருக்காது.

அவள் போலீஸில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் வாராவாரம் வந்த ‘ஏறியவன் இறங்கவில்லை’ என்ற துப்பறியும் தொடரில் இன்ஸ்பெக்டர் திலகவதியாக நடித்தவள், அவ்வளவுதான். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினார் ஒரு நகைக்கடைக் கணக்கப்பிள்ளை. ஃபெர்ரி இந்தக் கரைக்கு வந்தபோது அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் நிற்கிறது, ஆளைக் காணோம். கொன்றது யார் என்று கடைசி வாரம் வரைக்கும் ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. அந்தக் கடைசி வாரம், படகுத்துறைப் பலகை மேல் வைத்துக் கொலைகாரன் கன்னத்தில் விட்டாள் திலகவதி ஒரு அறை. "சட்டத்துக்குக் கண்ணு இல்லன்னு நெனைச்சியா? எனக்கு ரெண்டு இருக்குடா," என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்தார்கள்.

தொடர் முடிந்தது. நடிக்கக் கூப்பிடுகிறவர்களும் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் நிற்கவில்லை. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தக் கூப்பிட்டார்கள். அங்கே அவள் தானாகவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டிவிட்டு உட்காருவார்கள். திடீரென்று விளக்கு அணையும், சைரன் கேட்கும், கருநீலச் சட்டையும் தொப்பியுமாக ஜெகதீஸ்வரி நடந்து வருவாள். இந்தப் பெண்ணின் மனதைத் திருடிய குற்றத்துக்காக உன்னைக் கைது செய்கிறேன் என்று மாப்பிள்ளைக்கு விளையாட்டு விலங்கு மாட்டுவாள். மாமன் முறையுள்ள ஒருவர் மேடையேறி ஒரு பாட்டுப் பாடினால்தான் ஜாமீன். பாடத் தெரியாத மாமன் என்றால் மண்டபமே அல்லோலகல்லோலப்படும். நாளடைவில், இன்ஸ்பெக்டர் வந்து பிடிக்காத கல்யாணம் என்ன கல்யாணம் என்று ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு முள் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொடரையே பிறகு சினிமாவாக எடுத்தார்கள். அதே பெயர், அதே ஃபெர்ரி, அதே கணக்கப்பிள்ளை. இன்ஸ்பெக்டர் மட்டும் வேறு. டீவியில் ஓசியில் பார்த்த முகத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யாரும் தியேட்டருக்கு வரமாட்டார்கள் என்று இயக்குநர் ஜெகதீஸ்வரியிடம் நேராகவே சொல்லிவிட்டார். மாதா கோயில் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த சாண்ட்ரா என்ற ஒரு வேதக்காரப் பெண்ணைப் பாயான் பாருவிலிருந்து பிடித்து வந்து திலகவதி ஆக்கினார்கள். படம், சுவரில் ஒட்டின போஸ்டரின் பசை காய்வதற்குள் தியேட்டரைவிட்டு ஓடிப்போனது. அந்த வாரம் ஜெகதீஸ்வரி வீட்டில் பாயசம் வைத்தாள். நாளும் இல்லை, கிழமையும் இல்லை, எதற்குப் பாயசம் என்று அர்ஜுனன் கேட்கவில்லை. இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தார்.

அன்று முதல், அந்தப் படத்தைப் பற்றி யார் எடுத்தாலும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். ஆமை வேகம், அறை இல்லை, வசனம் இல்லை, இன்ஸ்பெக்டர் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், நான் இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் ஆகும் என்பாள். எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. அவள் அந்தப் படத்தை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. இது அர்ஜுனன் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன மாசம் ஒருநாள் காலையில், பிளாட்டின் கீழே நாசி லெமாக் சோறு விற்கிற ஃபஸீலா அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள். கையில் தொலைபேசி. ஷர்வின் என்ற ஒரு இளைஞன், தோற்றுப்போன பழைய படங்களையெல்லாம் தூசி தட்டி எடுத்து இணையத்தில் பேசுகிறவனாம். இந்த முறை அவன் கையில் மாட்டியது ‘ஏறியவன் இறங்கவில்லை’. டீவி அல்ல, சினிமா.

"ஒங்க கதைதானே இன்ஸ்பெக்டர், பாருங்க," என்று ஃபஸீலா ஆசையாக நீட்டினாள்.

அந்தப் பிள்ளை நிறுத்தி நிதானமாகத்தான் பேசினான். படம் தோற்றது படத்தின் குற்றமில்லை என்றான். டீவியில் பார்த்ததையே பெரிசாகப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு அது வேறொன்றைக் கொடுத்துவிட்டது, அதுதான் வினை என்றான். தொடரில், கொன்றது யார் என்பதுதான் கதை. படத்தில் பாதியிலேயே ஆளைக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் அவன் எப்போது பிடிபடுவான், பிடிக்கிறவளுக்கு மனசு எப்படி வரும் என்பதுதான் கதை. நம்முடைய இந்த மண்ணில் எடுத்த குற்றப் படங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று இல்லை, சாண்ட்ராவின் திலகவதிபோல இன்னொரு இன்ஸ்பெக்டரும் இல்லை என்று சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"டீவியில வந்த இன்ஸ்பெக்டர் கொஞ்சம் ஓவர்லா," என்று சிரித்தான்.

பாவம் ஃபஸீலா, சட்டென்று தொலைபேசியை இழுத்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரி ஒன்றும் நடக்காததுபோலச் சம்பல் தூக்கலாக ஒரு பொட்டலம் தப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு மேலே போனாள். லிஃப்டில் தனியாக நின்றபோது அவள் காது மடல் இரண்டும் கொதித்தன. அதன் பிறகு அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காலையில் பல் விளக்குமுன் பார்ப்பாள், சோறு வடித்துவிட்டுப் பார்ப்பாள். எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது. கீழே எழுதியிருக்கிறவர்களின் கருத்துகளை ஒன்றுவிடாமல் படிப்பாள். சாண்ட்ராவைப் புகழ்ந்த ஒவ்வொன்றும் அவள் அடிவயிற்றில் ஒரு சுள்ளியைச் செருகிவிட்டுப் போனது.

"நீதான் அந்தப் படத்தப் பாக்கவே இல்லையே. பாத்துட்டுத் திட்டினா இன்னும் நல்லா திட்டலாமே," என்றார் அர்ஜுனன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

எரிச்சல் மனதோடு இருந்தால் ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். பிழைப்பில் கைவைத்தால்? அதுவும் நடந்தது. தன் மகள் ஷேரன் கல்யாணத்துக்கு ஜெகதீஸ்வரியைப் பேசி வைத்திருந்த குணவதி, ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். விஷயம் இதுதான். ஷேரனும் மாப்பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள், மயங்கிவிட்டார்கள். மைக் எப்போதும்போல அக்காதான், அதில் மாற்றமில்லை. ஆனால் இன்ஸ்பெக்டராக வருவது மட்டும் அந்தச் சாண்ட்ராவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்களாம். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாளாம் சாண்ட்ரா. ஆள் மூலம் எண் கிடைத்தது, கூப்பிட்டால் எடுப்பதே இல்லையாம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே லைன்தானேக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க," என்றாள் குணவதி.

ஜெகதீஸ்வரி வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, நானே நேரில் போய்ப் பேசுகிறேன் என்றாள். குணவதி உருகிப்போய் நன்றி சொன்னாள். நல்ல மனசு என்று நினைத்திருப்பாள். கேளுங்கள், ஜெகதீஸ்வரியின் கணக்கே வேறு. தொலைபேசியில் பேசினால் சாண்ட்ரா ஒருவேளை சரி என்று சொல்லிவிடலாம். நேரில் போனால், தோற்ற படத்தை அன்பாக, மிக அன்பாக ஞாபகப்படுத்தி, பழைய புண்ணைத் தடவித் தடவியே முடியாது என்று சொல்லவைத்துவிடலாம். கேட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள், நான் என்ன செய்ய என்று குணவதியிடம் கையை விரித்துவிடலாம். ஊருக்கு ஒரே இன்ஸ்பெக்டர். அது மாறக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாண்ட்ரா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அர்ஜுனன் மனைவியைக் காடியில் ஏற்றிப் பாயான் பாருவுக்குக் கூட்டிப்போனார். பிளாட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில் தான் காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார். ஜெகதீஸ்வரி நல்ல சேலை கட்டியிருந்தாள். லிஃப்டின் தகரக் கதவில் தெரிந்த முகத்தைப் பார்த்து ஒருமுறை புருவத்தைத் தூக்கினாள். திமிர் பிடித்த ஒருத்தியைச் சந்திக்கப் போகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு.

கதவைத் திறந்தவள் ஒடிசலான ஒரு பெண். நரைத்த முடியை ரப்பர் போட்டு முடிந்திருந்தாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் அவள் கை தானாக உடுப்பைச் சரிசெய்தது.

"திலகவதி அக்கா," என்றாள்.

கோப்பி போட்டாள், பிஸ்கட் வைத்தாள், மின்விசிறியை அக்காவின் பக்கம் திருப்பினாள். உட்காரவே மாட்டேன் என்றாள். ஃபேக்டரியில் ஷிஃப்டு மாறி மாறி வருகிறது, முதுகுவலி, தம்பி பிள்ளைகளைப் படிக்க வைத்தாயிற்று என்று ஏதேதோ சொன்னாள். படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் ஜெகதீஸ்வரிதான் எடுக்க வேண்டியிருந்தது. மகள் கல்யாணத்தில் இன்ஸ்பெக்டராக வரச் சொல்லிக் குணவதி என்கிறவள் கூப்பிட்டும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள்.

அந்த வீடியோ வந்ததிலிருந்து தெரியாத எண்கள் எல்லாம் வருகின்றன, கேலி பண்ணத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன் என்றாள் சாண்ட்ரா. வீடியோவையும் அவள் முழுசாகப் பார்க்கவில்லை. படத்தையே அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

இதைக் கேட்டதும் ஜெகதீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ நடித்த படத்தை நீயே பார்க்கவில்லையா என்றாள்.

முதல் காட்சியன்று போயிருந்தாளாம். இடைவேளையில் பாத்ரூமுக்குப் போனபோது உள்ளே இரண்டு பெண்கள் கண்ணாடி முன் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொண்ணுக்கு ஒன்றும் வரவில்லை, டீவியில் வந்த அந்த அக்கா இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அந்த அறை வசனத்தைச் சொல்லிக் காட்டினாளாம். சாண்ட்ரா கதவுக்குப் பின்னாலேயே நின்று, அவர்கள் போன பிறகு வெளியே வந்து, நேரே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமே ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டாள்.

நல்லவர்கள் இந்த இடத்தில் ஐயோ பாவம் என்று நினைப்பார்கள். ஜெகதீஸ்வரிக்கு முதலில் தொண்டையில் தேன் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. யாரோ முகம் தெரியாத இரண்டு பெண்கள், ஒரு தியேட்டர் பாத்ரூமில், தன் வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அது இனித்தது. இனித்து முடிந்த பிறகுதான், எதிரில் நிற்கிறவளின் முகம் கண்ணில் பட்டது.

தான் நினைத்ததைவிட வேலை சுலபமாக முடிந்துவிடும்போல இருந்தது. அப்படியானால் கல்யாண மேடையெல்லாம் உனக்கு எதற்கு, பழைய வேதனைதானே, நான் குணவதியிடம் சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கினாள். குரலில் அத்தனை கனிவு.

சாண்ட்ரா தலையாட்டவில்லை. "அக்கா, நீங்க அந்தப் படத்தப் பாத்திருப்பீங்கதானே?" என்று கேட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஜெகதீஸ்வரி அந்தக் கேள்விக்கு இல்லை என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்போ எனக்காக ஒருதடவ பாருங்கக்கா. நல்லா இருக்குன்னு அந்தப் பையன் சொல்றத நான் நம்பல. சின்னப் பையன். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன், கல்யாணத்துக்கு வர்றதா வேணாமான்னு அப்போ முடிவு பண்ணிக்கிறேன்."

வலிய வந்து கழுத்தை நீட்டுகிறாள். ஜெகதீஸ்வரி சாய்ந்து உட்கார்ந்து, சரி போடு என்றாள். சுமார்தான்மா என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். அதற்கு ஒரு படத்தைப் பார்த்துத் தொலைத்தால் போகிறது.

சாண்ட்ரா டீவியில் படத்தைத் தேடிப் போட்டாள். போட்டுவிட்டு நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. படம் பார்க்கிறவளின் முகத்தைத்தான் பார்த்தாள். ஜெகதீஸ்வரி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

முதல் அரைமணி நேரம் அவளுக்குக் கொண்டாட்டமாகத்தான் போனது. தொடரில் சிரிக்கவைத்த தொந்திக் கான்ஸ்டபிளைக் காணோம், தொலைந்தான். ஃபெர்ரி இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை, நல்லது. மோட்டார் சைக்கிள் மட்டும் நிற்கிற காட்சியில் தொடரில் பயங்கரமான இசை வரும். இங்கே ஒன்றுமே இல்லை. ஆட்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்ட தளத்தில் அந்த வண்டி ஒற்றைக்காலில் சாய்ந்து நிற்கிறது, ஒரு கிழவர் அதைச் சுற்றிக்கொண்டு தன் சைக்கிளைத் தள்ளிப் போகிறார். அவ்வளவுதான். இதுவா காட்சி என்று நினைத்தாள். நினைத்த பிறகும் அந்த வண்டி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாதியில் ஆளைக் காட்டிவிட்டார்கள். கொன்றது செத்தவரின் சொந்த மைத்துனன். தொடரில் அவனைக் கடைசிவரை ஒளித்துவைத்து, சிரிப்பையும் சிகரெட்டையும் கொடுத்திருந்தார்கள். இங்கே அவன் தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற, சட்டைக் காலர் நைந்த ஒரு மனிதன். ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வந்தது. இவனை எப்படி அறைவது?

அறையவில்லை. அறைய வேண்டிய இடத்தில் வந்தது வேறொரு காட்சி.

திலகவதி அவனைப் பிடிக்க வீட்டுக்குப் போகிறாள். வீட்டில் ஜெபமாலை நடக்கிறது. கண்தெரியாத கிழத்தாய் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், மகன் பதில் சொல்கிறான். இன்ஸ்பெக்டர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக உட்காருகிறாள். யாரோ பக்கத்து வீட்டார் ஜெபத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று தாய் நினைத்துக்கொள்கிறாள். மகனுக்குத் தெரியும். ஜெபம் முடிந்தால் தன் கதையும் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். தாய் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மறுபாதியை அவன் சொல்கிறான், ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரின் உதடும் அசைகிறது. அவளும் பதில் சொல்கிறாள். கொலைகாரனும் பிடிக்க வந்தவளும் ஒரே குரலில், ஒரே மூச்சில் பதில் சொல்கிறார்கள். மணி மணியாக மாலை நகர்கிறது.

ஜெகதீஸ்வரி கோப்பியை எடுக்கக் கையை நீட்டியவள், கை பாதியிலேயே நின்றது தெரியாமல் இருந்தாள். வெளியே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம்கூடக் காதில் விழவில்லை. பிறகு மாலை முடிந்தது, தாய் இருவரையும் ஆசீர்வதித்தாள், மைத்துனன் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு அவளோடு நடந்தான். படமும் முடிந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடியோவில் எண்ணிக்கை பார்த்தபோது வந்த எரிச்சல் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அப்போது, இல்லாத புகழை எவளோ வாங்குகிறாள் என்ற எரிச்சல். இப்போது, இருக்கிறது என்று தெரிந்துவிட்ட எரிச்சல். தொண்டை கிழியக் கத்தி, கை சிவக்க அறைந்து, மூச்சுப் பிடித்துப் பேசிச் சம்பாதித்ததை, இந்த ஒடிசல் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளே.

"எப்படிக்கா?" என்றாள் சாண்ட்ரா.

ஜெகதீஸ்வரிக்குச் சுமார்தான் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. அதற்குப் பதிலாக, "அந்த ஜெபத்துக்குப் பதில் சொல்லச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

யாரும் சொல்லவில்லை என்றாள் சாண்ட்ரா. தாயாக நடித்த அமலம்மாள் நடிகையே இல்லை, கோயிலில் ஜெபமாலை சொல்கிற அம்மா. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் இயக்குநர் சொல்லியிருந்தார். அமலம்மாள் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார், பிறந்ததிலிருந்து வீட்டில் சாயங்காலம் சாயங்காலம் சொன்ன சாண்ட்ராவின் வாய், அது பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. "நடிப்புன்னு ஒன்னும் இல்லக்கா. பழக்கம்தான்," என்றாள்.

எப்பேர்ப்பட்ட வார்த்தை. ஜெகதீஸ்வரிக்குத் தண்ணீர் தெளித்ததுபோல இருந்தது. நடிப்பில்லையாம், பழக்கமாம். ஆமாம்மா, நானும் அதைத்தான் நினைத்தேன், தானாக அமைந்துவிட்டது, அடுத்த தடவை அமையாது என்று சொன்னால் போதும். இவள் நம்புவாள். இத்தனை வருஷமாக நம்பியவள்தானே. ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருப்பாள், இன்ஸ்பெக்டர் பட்டம் ஆயர் ஈத்தாமிலேயே இருக்கும்.

ஆனால் அவளுடைய காதில் எதுவோ இடறிக்கொண்டே இருந்தது. மண்டபம் மண்டபமாக மைக் பிடித்த காது அது. எந்த இடத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்தது, எந்த இடத்தில் விட்டது என்று அதற்குத் தெரியும். இங்கேயும் ஒரு இடத்தில் மூச்சு நின்றது.

"கொஞ்சம் பின்னாடி போ," என்றாள்.

சாண்ட்ரா ஓட்டினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அங்கே, நிறுத்து, இப்போது விடு. கடைசி மணி. தாய் முதல் பாதியைச் சொல்லி முடிக்கிறாள். மறுபாதி, பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிற பாதி. அதுவரை இரண்டு குரலாக வந்தது, அந்த ஒருமுறை மட்டும் ஒற்றைக் குரலாக வருகிறது. இன்ஸ்பெக்டரின் உதடு மூடியிருக்கிறது. மைத்துனன் ஆரம்பித்துவிட்டு, பக்கத்தில் குரல் வராததைக் கேட்டு, திரும்பிப் பார்க்கிறான். தனியாகச் சொல்லி முடிக்கிறான். பாதியில் குரல் உடைகிறது. அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற இடம் அதுதான். படம் முழுக்க வேறு எங்கேயும் அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"பழக்கம்னா வாய் தானா சொல்லிக்கிட்டே போகும். இந்த இடத்துல ஏன் நிறுத்துன?"

சாண்ட்ரா முதல்முறையாகத் திரையைப் பார்த்தாள். தன் முகத்தையே யாரோ ஒருத்தியின் முகம்போல நெடுநேரம் பார்த்தாள்.

"நான் நிறுத்திட்டேன்தான்," என்றாள் மெதுவாக. "அத அவரு தனியாச் சொல்லணும்னு தோணுச்சு. நானும் சேந்து சொன்னா அவருக்குத் தொணையா ஆயிரும்ல. அன்னைக்கு டைரக்டர்கூட ஏன் விட்டேன்னு ஏசினாரு. இன்னொருதடவ எடுக்க நேரமில்ல, வெளிச்சம் போயிருச்சு."

ஜெகதீஸ்வரி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே கோப்பிக் கடையில் அர்ஜுனன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர்மேல்கூட ஆத்திரம் வந்தது. தனக்கு ஒருநாளாவது, ஒரு வசனத்தையாவது, பேசாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று யோசித்தாள். தோன்றவில்லை. மைக் கையில் இருக்கும்போது வாயை மூடுவது என்ற ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி, தெரிந்தது தெரியாமல், ஷிஃப்டு வேலைக்குப் போய்விட்டாள்.

திரும்பினாள். முகத்தில் கனிவு சுத்தமாக இல்லை. வந்ததிலிருந்து அவள் காட்டிய உண்மையான முகம் அதுதான்.

"அது நடிப்பு. பழக்கம் இல்ல. வாயில வர்றத நிறுத்துறதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும், எனக்கு வராது. அந்த பாத்ரூம்ல பேசுனவளுங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும்தான் தெரியல இவ்ளோ நாளா," என்று பொரிந்து தள்ளினாள். அதட்டுவதுபோலத்தான் இருந்தது. "எனக்கு வயிறு எரியுது, சாண்ட்ரா. நல்லா இல்லன்னா எரியுமா?"

சாண்ட்ரா அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் சிரிக்கின்றனவா என்று ஜெகதீஸ்வரி பார்த்தாள். சிரித்தன. அதையும் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்தாள். இப்போதே சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தன் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

குணவதி உடனே எடுத்தாள். சாண்ட்ரா வருகிறாள் என்று கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். பக்கத்தில் யாரிடமோ சொல்கிற சத்தம் கேட்டது. அப்படியானால் இரண்டு இன்ஸ்பெக்டரும் சேர்ந்தே வருகிறீர்களா, ஆளுக்கு ஒருவரைப் பிடிக்கலாமே என்று ஆசைப்பட்டாள்.

"ரெண்டு எல்லாம் கெடையாது. இன்ஸ்பெக்டர் அவ ஒருத்திதான். நான் மைக் பிடிக்கிறேன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

சொல்லிவிட்டுச் சாண்ட்ராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். குணவதி விடவில்லை. சைரன் உண்டா, மாமன் பாட வேண்டுமா, சாண்ட்ரா மேடையில் வந்து என்னதான் செய்வார், சொன்னால் மண்டபத்துக்காரரிடம் சொல்லி வைக்கலாம் என்று கேட்டாள்.

"ஒன்னும் செய்ய வேணாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பக்கத்துல ஒரு நாற்காலி போடுங்க. அவ வந்து ஒக்காந்தா போதும்."

அந்த வார்த்தை வெளியே வரும்போது தொண்டையைச் சுட்டுக்கொண்டு வந்தது. தன்னைப் பற்றி யாரும், எந்த நாளும், அப்படிச் சொன்னதில்லை.